யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் வழியாக பைக் இக்னிஷனை நிரல்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் இருசக்கர வாகனங்களின் மின்பகுதிகளைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறேன். பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட்டிலும், ஆர்எக்ஸ்100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளிலும் நிரல்படுத்தக்கூடிய இக்னிஷன் பெட்டியை மாட்டியவர்கள், மாட்டும் வரை சிரமமின்றி வந்துவிட்டு, அதை லேப்டாப்புடன் பேச வைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இக்னிஷனைப் பற்றியவை அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு முழ கேபிளைப் பற்றியவை. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நிரல்படுத்தக்கூடிய இக்னிஷன் சாதாரண சிடிஐயிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் இக்னிஷனின் வேலை. பாயிண்ட் வைத்த வண்டியில் ஸ்பிரிங்கும் எடைக்கட்டைகளும் இதைச் செய்தன. கெபாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தால் பொறி விடும் சாதாரண சிடிஐயில் தொழிற்சாலையிலேயே அமைத்துவிட்ட சுற்று செய்கிறது. நிரல்படுத்தக்கூடிய பெட்டியில், எந்த ஆர்பிஎம்முக்கு (நிமிடச் சுழற்சிக்கு) எத்தனை டிகிரி என்று நாம் எழுதிக் கொடுத்த அட்டவணையைப் பார்த்து மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு செய்கிறது. 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 18 டிகிரி சுழல்கிறது என்பதால், இந்தக் கணக்கு முழுவதும் பெட்டிக்குள்ளேயே நடந்தாக வேண்டும். லேப்டாப்பின் வேலை அட்டவணையை எழுதி அனுப்புவதோடு முடிகிறது. கேபிளைக் கழற்றிய பிறகும் அட்டவணை பெட்டியின் நினைவகத்தில் இருக்கும். கேபிள் மெதுவாக இருந்தால் டைமிங் பின்தங்கிவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அதற்கு இடமில்லை.

லேப்டாப்பில் யுஎஸ்பி இருக்கும்போது ஏன் இன்னும் சீரியல்?

ஆர்எஸ்-232 என்னும் சீரியல் தரம் 1960-ல் வந்தது. அனுப்ப ஒரு வயர், வாங்க ஒரு வயர், எர்த்துக்கு ஒரு வயர் என மூன்றே வயர்களில் வேலை முடிந்துவிடுவதாலும், எந்த மலிவான மைக்ரோகண்ட்ரோலரிலும் இந்த வசதி உள்ளேயே இருப்பதாலும், இக்னிஷன் பெட்டி செய்பவர்கள் இதை விடவில்லை. விட்டது லேப்டாப் செய்பவர்கள்தான். 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்கள் உண்டு. வேலைக்கு அது தாராளமாகப் போதும், ஆனால் அதற்கும் அடாப்டர் வேண்டும்.

எல்லா யுஎஸ்பி-சீரியல் அடாப்டரும் ஒன்றுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படித்தால் போதும்.

“சீரியல்” என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மின்னழுத்த ஏற்பாடுகள் புழங்குகின்றன. ஆர்எஸ்-232 என்பது 9 பின் கனெக்டருடன் வருவது. அதன் வயரில் அழுத்தம் மைனஸுக்கும் பிளஸுக்கும் மாறி மாறி ஓடும், 5 முதல் 15 வோல்ட் வரை இருக்கலாம், பேச்சில்லாமல் சும்மா இருக்கும்போது மைனஸில் நிற்கும். டிடிஎல் என்பது மைக்ரோகண்ட்ரோலரின் பின்னிலிருந்து நேரே வருவது. 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே, புதிய பெட்டிகளில் 0-க்கும் 3.3-க்கும் இடையே மட்டுமே ஓடும், சும்மா இருக்கும்போது பிளஸில் நிற்கும். டிடிஎல் பெட்டியில் ஆர்எஸ்-232 அடாப்டரை மாட்டினால், மைனஸ் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்படாத பின்னுக்குள் மைனஸ் அழுத்தம் போகிறது. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கத்தான் மேக்ஸ்232, மேக்ஸ்3232 போன்ற ஐசிக்கள் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவரின் பெட்டியை நானே இப்படிக் கெடுத்தேன். பெட்டியுடன் வந்த தாளில் “சீரியல்” என்று மட்டும் அச்சிட்டிருந்தது. மேசையில் கிடந்த 9 பின் அடாப்டரை மூன்று வயர் போட்டு இணைத்துவிட்டேன். சாவியைத் திருப்பியபோது சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எந்தக் கேபிளுக்கும் பதில் சொல்லவில்லை. புதிய பெட்டியின் விலையை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் இணைப்பதில்லை.

என் பெட்டியும் அடாப்டரும் எந்த வகை என்று மீட்டரில் எப்படிப் பார்ப்பது?

அடாப்டரை லேப்டாப்பில் மட்டும் செருகவும். பெட்டியுடன் இணைக்க வேண்டாம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைக்கவும். 9 பின் கனெக்டரின் முகத்தில், ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில், கடுகளவு எழுத்தில் எண் பொறித்திருக்கும். போனின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கறுப்பு முனையை 5-ஆம் பின்னிலும், சிவப்பு முனையை 3-ஆம் பின்னிலும் வைத்தால், ஆர்எஸ்-232 அடாப்டர் மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வரை ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். டிடிஎல் அடாப்டரில் எர்த்துக்கும் அனுப்பும் பின்னுக்கும் இடையே பிளஸ் 3.3 அல்லது பிளஸ் 5 காட்டும்.

பிறகு பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்து, அதன் கப்ளரிலும் இதேபோல் பார்க்கவும். மைனஸ் காட்டும் பின் இருந்தால் பெட்டி ஆர்எஸ்-232. பிளஸ் 5 அல்லது 3.3 என்றால் டிடிஎல். ஏறத்தாழ 0 காட்டும் பின் பெரும்பாலும் வாங்கும் பின்னாக இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாமல் அடுத்த பின்னைப் பார்க்கவும். 3.3 வோல்ட் பெட்டிக்கு, அடாப்டரிலுள்ள சிறு ஜம்பரை 3.3-க்கு மாற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

எந்த ஐசி உள்ள அடாப்டரை வாங்குவது?

சந்தையில் நான்கு குடும்பங்கள் அதிகம் கிடைக்கின்றன: ஸ்காட்லாந்து நிறுவனமான எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர், தைவானின் புரோலிஃபிக் செய்யும் பிஎல்2303, அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் செய்யும் சிபி2102, சீனாவின் டபிள்யூசிஎச் செய்யும் சிஎச்340. நான்கும் நல்லவையே. தொல்லை தருபவை முதல் இரண்டின் போலிகள்.

போலி ஐசியால் வரும் தொல்லை சாதாரணமானதன்று. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் (அடாப்டரோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள்), போலி ஐசியின் அடையாள எண்ணைச் சுழியாக மாற்றி, அதை எந்தக் கணினியும் அடையாளம் காணாதபடி செய்துவிட்டது. எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. 2016-ல் வந்த மற்றொரு டிரைவர், போலி ஐசியைக் கண்டால், நாம் அனுப்பும் தரவுக்குப் பதிலாக “இது அசல் கருவியன்று” என்னும் பொருள்படும் ஆங்கில வரியை வயரில் அனுப்பியது. அட்டவணைக்குப் பதில் அந்த எழுத்துகள் இக்னிஷன் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் பெட்டி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும் என்றால் போலி எஃப்டிடிஐயை விட அசல் சிஎச்340 மேல் என்பது என் முடிவு.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வருகிறது. அடாப்டர் பழுதா?

பெரும்பாலும் டிரைவர்தான். பிஎல்2303-இன் பழைய வகையொன்றை 2012-லேயே நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த டிரைவர்கள் அதை ஏற்பதில்லை, “கோட் 10” என்று காட்டும். போலிகளுக்கும் இதே செய்திதான் வரும். அந்த அடாப்டருக்கு ஏற்ற பழைய டிரைவரை நிறுவி, விண்டோஸ் அதைப் புதுப்பிக்காமல் தடுத்தால் பல நேரம் வேலை செய்யும். ஆனால் அடுத்த அப்டேட்டில் மறுபடியும் நின்றுவிடும் வாய்ப்பு இருப்பதால், வண்டி வேலைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம் என்பேன்.

அடாப்டரில் லைட் எரிகிறது, டிரைவரும் சரி, ஆனால் மென்பொருள் “இணைப்பு இல்லை” என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி இரண்டு நாள் போராடிவிட்டு, “அண்ணா, லைட் எரியுதுங்க, ஆனா பேச மாட்டேங்குது” என்றார். அதற்குள் டிரைவரை மாற்றி, விண்டோஸை மறுபடி நிறுவி, பெட்டியின் வயரிங்கையும் பிரித்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட்டதுதான் அவர் செய்த தவறு. லேப்டாப்பிலிருந்து அடாப்டர் வரை ஒரு பாதி, அடாப்டரிலிருந்து பெட்டி வரை மறு பாதி. முதல் பாதியைத் தனியே சோதித்து முடித்தால்தான் பழுது எந்தப் பக்கம் என்று தெரியும்.

அதற்கு வழி இது. அடாப்டரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, 2-ஆம் (வாங்கும்) பின்னையும் 3-ஆம் (அனுப்பும்) பின்னையும் ஒன்றாக இணைக்கவும். பழைய ஹெட்லைட் வயரின் தோலை உரித்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து, இரண்டு பின்களையும் சுற்றி எட்டு வடிவில் கட்டுவது என் வழக்கம். பக்கத்துப் பின்னையோ உலோகச் சட்டத்தையோ இழை தொடக்கூடாது. லேப்டாப்பில் புட்டி, டெரா டெர்ம் போன்ற டெர்மினல் மென்பொருள் ஒன்றைத் திறந்து, சரியான காம் போர்ட்டை (அடாப்டருக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எண்ணை) தேர்ந்து, ஃப்ளோ கண்ட்ரோலை நிறுத்திவிட்டு, ஏதாவது எழுத்தைத் தட்டவும். அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். இழையை அவிழ்த்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டெர்மினல்தான் தானாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, லோக்கல் எக்கோவை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கவும்.

எழுத்து திரும்பி வந்தால் லேப்டாப், டிரைவர், அடாப்டர் மூன்றும் சரி. அதன்பின் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை. மறு பாதியில் முதலில் பார்க்க வேண்டியது, அனுப்பும் வயரும் வாங்கும் வயரும் குறுக்காகப் போகின்றனவா என்பது. அடாப்டர் அனுப்புவது பெட்டி வாங்கும் பின்னுக்கும், பெட்டி அனுப்புவது அடாப்டர் வாங்கும் பின்னுக்கும் போக வேண்டும். அந்தத் தம்பியின் கேபிளில் இரண்டும் நேராக இருந்தன. கப்ளரில் இரண்டு பின்களை இடம் மாற்றியதும் பெட்டி பதில் சொன்னது.

வேறு யுஎஸ்பி சாக்கெட்டில் செருகினால் மென்பொருள் போர்ட்டைக் கண்டுபிடிப்பதில்லையே?

தனக்கென வரிசை எண் இல்லாத அடாப்டருக்கு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் விண்டோஸ் புதிய காம் எண்ணைக் கொடுத்துக்கொண்டே போகும், சிஎச்340 இப்படிப்பட்டது. எண் 9-ஐத் தாண்டினால், அந்தப் போர்ட்டைத் திறக்க வேறு விதமான பெயர் எழுத வேண்டும். பழைய இக்னிஷன் மென்பொருள்கள் பலவற்றுக்கு அது தெரியாது, சில 4-க்கு மேல் பட்டியலே காட்டுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் போய் 2, 3 போன்ற சிறிய எண்ணாக மாற்றிவிடவும். “பயன்பாட்டில் உள்ளது” என்று எச்சரித்தால், அது பெரும்பாலும் முன்பு எப்போதோ செருகிய அடாப்டரின் நிழலாக இருக்கும். மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொல்லி அதை நீக்கலாம். ஒரே சாக்கெட்டையே எப்போதும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

வேகம் எவ்வளவு வைப்பது?

பெட்டி சொல்வதுதான் வேகம் (பாட் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை பிட்). மெகாஸ்குவர்ட் என்னும் என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முதல் தலைமுறை 9600-லும் இரண்டாவது தலைமுறை 115200-லும் பேசுகின்றன. ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் ஓடும், அதே வேலையைச் செய்யும் ஸ்பீடுயினோவும் 115200. எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். எதுவுமே வராவிட்டால் வயரையோ மின்சாரத்தையோ பார்க்கவும்.

இணைகிறது, ஆனால் பாதியில் “பதில் வரவில்லை” என்று நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

எஃப்டிடிஐ டிரைவர், சிறு சிறு பதில்களைச் சேர்த்துவைத்து 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை லேப்டாப்புக்குக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உண்மையான 9 பின் போர்ட்டை மனதில் வைத்து எழுதிய பழைய மென்பொருள் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் லேட்டன்சி டைமரை 1 அல்லது 2 ஆக்கினால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. சில பெட்டிகளின் கேபிள், தனக்கு வேண்டிய மின்சாரத்தை 4-ஆம், 7-ஆம் பின்களிலிருந்து உறிஞ்சுகிறது. பழைய கணினியின் போர்ட் தாராளமாகக் கொடுத்ததை மலிவு அடாப்டர் கொடுக்காது.

என்ஜின் நிற்கும்போது இணைப்பு நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் அறுந்துவிடுகிறதே?

பிளக்கில் விழும் ஒவ்வொரு பொறியும் சுற்றிலும் ரேடியோ அலையை வீசுகிறது. யுஎஸ்பி கேபிள் அதை ஏரியல்போல் பிடித்துக்கொள்கிறது, லேப்டாப் அந்தச் சாக்கெட்டை அணைத்துவிடுகிறது. ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றவும்: என்ஜிகே பிளக்கில் பி8எச்எஸ் என்றிருப்பதற்கும் பிஆர்8எச்எஸ் என்றிருப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த “ஆர்” எழுத்துதான், அது ரெசிஸ்டரைக் குறிக்கிறது. ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப்பும் உதவும். யுஎஸ்பி கேபிள் குட்டையாகவும், காயில் வயரிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட் உருளை மாட்டினால் இன்னும் நல்லது. இதே அலை இக்னிஷன் பெட்டியையும் குழப்பக்கூடியது என்பதால், பிளக்கை மாற்றுவது கேபிளுக்காக மட்டும் செய்யும் வேலையன்று.

லேப்டாப்பைச் சார்ஜரில் வைத்துக்கொண்டே வேலை செய்யலாமா?

வேண்டாம். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உலோகப் பகுதிக்கும் தரைக்கும் இடையே, ஏசியில் பல பத்து வோல்ட் மிதப்பதை மீட்டர் காட்டும். கையில் விறுவிறுவென்று உணர்வதும் அதுதான். மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும், கனெக்டரைச் செருகும் அந்தக் கணத்தில் தரவு வயர் எர்த்துக்கு முன்பே தொட்டுவிட்டால், அது பெட்டியின் பின் வழியாகப் பாய்கிறது. பேட்டரியில் ஓட்டுங்கள். லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போயிருந்தால், ஏடியுஎம்4160 போன்ற ஐசி வைத்த யுஎஸ்பி ஐசொலேட்டரை நடுவில் போடவும்.

லினக்ஸிலும் போனிலும் முடியுமா?

லினக்ஸில் டிரைவர் தனியாக வேண்டியதில்லை. அடாப்டர் “டிடிஒய்யுஎஸ்பி0” என்ற பெயரில் வரும். அனுமதி இல்லை என்றால், பயனர் கணக்கை “டயல்அவுட்” குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வரவும். உபுண்டு 22.04-ல் சிஎச்340 வந்ததும் மறைந்தால், பிரெய்ல் கருவிகளுக்கான “பிஆர்எல்டிடிஒய்” என்னும் நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேவையில்லாதவர்கள் அதை நீக்கலாம். ஓடிஜி வசதியுள்ள ஆண்ட்ராய்டு போனில் அடாப்டர் வேலை செய்யும். ஆனால் பெட்டிக்குரிய செயலி இருந்தால்தான் பயன்.

ஆர்எக்ஸ்100-ல் சாவியைத் திருப்பினாலும் பெட்டி உயிர் பெறுவதில்லை. ஏன்?

மேக்னெட்டில் உள்ள சோர்ஸ் காயிலிலிருந்தே மின்சாரம் வாங்கும் சிடிஐ, என்ஜின் சுற்றாதபோது உயிரற்றுக் கிடக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கான நிரல்படுத்தும் பெட்டிக்கு, எழுதும் நேரத்தில் மட்டும் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கவோ, யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுக்கவோ தனி வழி வைத்திருப்பார்கள். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பேட்டரி இக்னிஷன் வண்டியில் கில் சுவிட்சையும் பார்க்கவும்.

அட்டவணையை எழுதும்போது எந்த வரிசையைப் பின்பற்றுவது?

முதலில் பெட்டியில் இருப்பதைப் படித்து, தேதி போட்டுக் கோப்பாகச் சேமிக்கவும். பிறகு திருத்தி, என்ஜின் நின்ற நிலையில் எழுதவும். எழுதி முடியும் வரை சாவியையோ கேபிளையோ தொடக்கூடாது. எழுதியதை மறுபடியும் படித்து, அனுப்பியதோடு ஒப்பிடவும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் வண்டியை ஓட்டுவதற்கு முன் டைமிங் லைட்டை ஃப்ளைவீல் குறியின்மீது அடித்துப் பார்த்தாக வேண்டும். கிராங்கின் நிலையைப் பெட்டிக்குச் சொல்லும் பிக்கப் காயில் இருக்கும் கோணத்தை மென்பொருளில் 5 டிகிரி தவறாகக் கொடுத்திருந்தால், அட்டவணையில் 20 என்று எழுதியது என்ஜினில் 25 ஆகவோ 15 ஆகவோ விழும். திரை அதைக் காட்டாது.

ஏற்காடு மலைக்குத் தனி அட்டவணை வேண்டுமா?

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டரிலும் இருக்கின்றன. மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. சிலிண்டருக்குள் கலவை குறைவாக நிரம்பி மெதுவாக எரிவதால், மேலே சற்றுக் கூடுதல் அட்வான்ஸை (பொறியை இன்னும் சில டிகிரி முன்னால் விடுவதை) என்ஜின் தாங்கும். இதைப் படித்துவிட்டுப் பலர் அட்டவணை முழுவதையும் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது, வண்டி இரண்டாம் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், திராட்டில் முழுதாகத் திறந்து, பின்னால் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகிறது. எதிர்க்காற்று இல்லாததால் என்ஜின் சூடேறி நிற்கிறது. நாக்கிங் (கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது) வருவது அந்த இடத்தில்தான். திராட்டில் சென்சார் இல்லாத பெட்டிக்கு நாம் மேடு ஏறுகிறோமா, சமவெளியில் மெதுவாகப் போகிறோமா என்பது தெரியாது. ஆர்பிஎம் ஒன்றுதான் தெரியும். ஆகவே மலைக்குப் போகும் வண்டிக்கு 2500 முதல் 4000 ஆர்பிஎம் வரையிலான பகுதியில் 2 அல்லது 3 டிகிரி குறைத்தே வைக்கிறேன். மேல் பகுதியைத் தொடுவதில்லை.

முதல் பயணத்தில் சில வளைவுகள் ஏறியதும் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, என்ஜின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். வெள்ளைப் பீங்கானின் மீது மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, வெள்ளிப் பொடி போன்ற மினுமினுப்போ இருந்தால், நாக்கிங் தொடங்கிவிட்டது. அந்த மினுமினுப்பு பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம். அதற்கு மேல் ஏறாமல், திராட்டிலைத் தொடாமல் அடிவாரத்துக்கு இறக்கி, சேமித்து வைத்த பழைய கோப்பை எழுதிவிட்டு மறுபடி ஏறவும்.